கை தூக்கியவர்களும் நண்டு தின்றவர்களும்

பிள்ளைகளே, இதை நான் தமிழில் எழுதுவதற்குப் பாசம் காரணம் இல்லை. நம் ஆபீஸ் மேல்மாடியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது, அதுதான் காரணம். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் பெரியவர்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்ட வார்த்தை எதையும் எழுதவில்லை, பயப்பட வேண்டாம். கதையில் வரும் பல்கேரியாக்காரர் ஒருவர் திட்டியதை எல்லாம் நானே வெட்டிவிட்டேன்.

யாங்கோனில் நீங்கள் இப்போது பார்க்கும் அதே வேலையில்தான் எனக்குத் தலை நரைத்தது. வேலைக்குப் பெயர் பெரிது: மக்கள் கலந்தாய்வு ஒருங்கிணைப்பாளர். செய்கிற காரியம் சின்னது. நம் நாட்டுக் காட்டைப் பற்றி வெளிநாட்டில் ஏதோ ஒரு மேஜையில் முடிவு செய்திருப்பார்கள். அதை நம் ஜனங்கள் தாங்களாகவே யோசித்து, தாங்களாகவே கேட்டுக்கொண்ட மாதிரி தெரியும்படி ஒரு கூட்டம் போட வேண்டும். முகத்தைச் சுளிக்காதீர்கள். இந்த வேலையில்தான் என் இரண்டு பெண்களும் படித்தார்கள்.

இது எப்படி வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சோஷலிசம் நடந்த காலத்தில் இங்கே காடு முழுக்க அரசாங்கத்துடையது. கொள்கை மேலேயிருந்து இறங்கும், ஜனங்களைக் கூட்டி வைத்துக் கை தூக்கச் சொல்வார்கள், எல்லாரும் தூக்குவார்கள், வீட்டுக்குப் போவார்கள். பிறகு அந்தக் காலம் போய், உலகம் உள்ளே வந்தது. பருவநிலை உடன்படிக்கை, பல்லுயிர் உடன்படிக்கை என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு நிபந்தனை தொங்கியது: மக்களின் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது. நல்ல நிபந்தனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சம்மதம் வாங்கிப் பழகிய ஆட்கள் நாட்டில் யார் இருந்தார்கள்? பழைய கை தூக்கும் கூட்டம் நடத்தியவர்கள்தான் இருந்தார்கள். ஆகவே அதே கூட்டம் நடந்தது. பேனரில் ஆங்கிலம் ஏறியது, பிளெயின் டீ போய் காபி வந்தது, கூடவே கேக்கும் வந்தது.

பயிற்சி வகுப்பில் உங்களுக்கு மைக் கொடுப்பது, கலர் அட்டை ஒட்டுவது, குழுவாகப் பிரிப்பது எல்லாம் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சோற்றை எப்போது போடுவது என்று சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நான் சொல்லப்போவது அதைத்தான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், டாலாவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால், ஓடைக்கரையில் அலையாத்திக் காடு இருக்கிறது. உப்புத்தண்ணீரில் நிற்கும் மரங்கள். அதை வைத்துப் பிழைக்கும் சில கிராமங்களும் உண்டு. நண்டு பிடிப்பார்கள், கூரைக்குத் தனி ஓலை வெட்டுவார்கள். தனி என்றால் சேற்றில் நிற்கும் பனை மாதிரி ஒன்று, அங்கே எல்லா வீட்டுக் கூரையும் அதுதான். இந்த ஓடைக்கரையை முழுப் பாதுகாப்புப் பகுதி ஆக்குவது என்று புதிய கொள்கையின் டிராஃப்ட் சொன்னது. முழுப் பாதுகாப்பு என்றால் ஆள் கால் வைக்கக் கூடாது. காடு பிழைக்கும், காட்டில் பிழைப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று டிராஃப்டில் ஒரு வார்த்தை கிடையாது.

டிராஃப்டை எழுதிக்கொடுத்தவர் ஸ்டோயன், பல்கேரியாவிலிருந்து வந்த வன நிபுணர். அவர்கள் நாட்டிலும் சோஷலிசம் நடந்து முடிந்து, பிறகு ஐரோப்பா உள்ளே வந்து, காட்டுச் சட்டத்தைத் திருத்தச் சொன்னதாம். அதில் அடிபட்ட அனுபவசாலி என்றுதான் இங்கே அனுப்பியிருந்தார்கள். பெரிய உடம்பு, பெரிய மீசை, எப்போது பார்த்தாலும் வியர்த்துக்கொண்டே இருப்பார். எங்கள் ஆபீஸ் ஆலோசகர் ஒருவர் இருந்தார். வனத்துறையில் ரிட்டையர் ஆனவர். பெயர் சொல்லக் கூடாது என்று இன்றைக்கும் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எல்லாரும் ஸயா என்றுதான் கூப்பிடுவோம், நம்ம ஊர்ப் பேச்சில் வாத்தியார் என்கிற மாதிரி. அவர் வாலிபத்தில் அரசாங்கச் செலவில் ருஷ்யாவுக்குப் போய் மரம் படித்தவர். இவரும் ஸ்டோயனும் சந்தித்த முதல் நாளே ருஷ்ய மொழியில் திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள், சாயங்காலத்துக்குள் உயிர்ச் சினேகிதர் ஆகிவிட்டார்கள்.

கடைசிக் கூட்டத்துக்கு ஆற்றுப் பக்கமாக ஒரு ஹால் பிடித்தேன். சாப்பாடு, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைக் காசிம் பாய் பொறுப்பு. அவர் கை டம்பவு, அதாவது நம்ம பிரியாணிதான், அதற்காகவே கூட்டத்துக்கு வருகிற அதிகாரிகள் உண்டு. காலையில் கிராமத்தார் ஃபெர்ரியில் வந்து இறங்கினார்கள். வந்ததும் மொஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய சேமியா, கொடுத்தோம். ஆளுக்கு ஒரு புது லுங்கி கொடுத்தோம். நேரம் போதாது என்று சாப்பாட்டையும் முன்னால் இழுத்து, வயிறு நிறைய டம்பவு போட்டோம். அதற்குப் பிறகு ஸ்டோயன் படம் போட்டு விளக்கினார், ஸயா பர்மியத்தில் சொன்னார், நான் கேட்டேன்: சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள்.

எல்லாக் கையும் மேலே போயிற்று. புது லுங்கியைக் கையில் பிடித்திருந்தவர்கள் லுங்கியோடு தூக்கினார்கள். நான் போட்டோ எடுக்கச் சொன்னேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஸயா மட்டும் பல் குத்திக்கொண்டு, “ரோஸ், எல்லாரும் தூக்கிட்டாங்களே” என்றார்.

“தூக்கினா நல்லதுதானே ஸயா?”

“நானும் அந்தக் காலத்துல கூட்டம் போட்டிருக்கேன். அப்பவும் எல்லாரும்தான் தூக்குனாங்க.”

ஸ்டோயன் மீசையைத் துடைத்தபடி, “எங்க ஊர்லயும் அப்படித்தான். ஒரு கைகூட கீழே இல்லைன்னா யாரோ வீட்டுல அழுதுகிட்டிருக்காங்கன்னு அர்த்தம்” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்து அறிக்கையை டைப் அடிக்க ஆரம்பித்தார். மறுநாள் அவருக்கு விமானம். சம்மதம் அதற்குள் தலைமையகம் போய்ச் சேராவிட்டால் திட்டம் வேறு நாட்டுக்குப் போய்விடும், எங்கள் ஆபீஸுக்கும் பூட்டுத்தான். மனுஷர் வேறென்ன செய்வார்?

மத்தியானம் மூன்று மணிக்கு வனத்துறையின் பெரிய அதிகாரி ஒருவர் வந்து மக்களின் சம்மதப் பிரகடனத்தைக் கையில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் கை கழுவப் போனேன். குழாயடியில் ஒரு பெண் வெற்றிலை துப்பிக்கொண்டு நின்றாள். டோ சோ என்று பெயர், டோ என்பது பெண்களுக்குப் போடும் மரியாதைச் சொல். என் வயதுக்காரி, வாய்க்காரி, லாட்டரிப் பைத்தியம். பக்கத்து வீட்டுக்காரன் கூண்டிலிருந்து நண்டை எடுத்துத் தன் கூண்டில் போட்டுக்கொள்ளுவாள் என்று அவள் ஊரார் முன்னமே சொல்லியிருந்தார்கள். புனிதவதி என்று நினைத்துக்கொண்டு மேலே படிக்காதீர்கள்.

“டோ ரோஸ், ஒண்ணு கேக்கணும்” என்றாள். “அடுத்த மாசத்துலேருந்து நாங்க கூண்டு எங்க வைக்கிறது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உனக்கு விஷயம் புரிஞ்சுதா?”

“நல்லாப் புரிஞ்சுது. ஓடைப் பக்கம் போனா புடிச்சு உள்ள போடுவாங்க. என் மருமவன் ஓலை வெட்ட முடியாது, நான் நண்டு புடிக்க முடியாது. அந்த மீசைக்காரர் நல்லாத்தான் சொன்னாரு.”

“அப்புறம் ஏன்டி கையைத் தூக்கினே?”

என்னை ஒரு பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். “ஃபெர்ரிச் செலவு நீங்க, காலைல மொஹிங்கா நீங்க, லுங்கி நீங்க. வயித்துல உங்க சோறு இன்னும் எறங்கல. எங்கேயோ இருந்து வந்த மனுஷன் வேர்த்து விறுவிறுத்து நிக்கிறாரு. அவரு மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிச் சொல்றது? ஆனாடே.”

இந்த ஊரில் பிறந்த உங்களுக்கு ஆனாடே என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாசித்துக் காட்டும் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன், நம்முடைய முகதாட்சண்யம்தான் அது. நம்மிடம் ஒரு கிண்ணம் இருந்தால் இவர்களிடம் ஒரு அண்டா இருக்கும். ஒருவர் சோற்றைத் தின்றுவிட்டு அவரை எதிர்த்துப் பேசுவதைவிட, தன் பிழைப்பையே விட்டுக்கொடுக்கிற ஜனங்கள். உலகத்து உடன்படிக்கைகளை எல்லாம் எழுதிய மேதைகள் சம்மதம் சுதந்திரமாக இருக்க வேண்டும், முன்கூட்டியே இருக்க வேண்டும், விவரம் தெரிந்து இருக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்தார்கள். வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பெரிய அதிகாரி கிளம்பிவிட்டார் என்று போன் வேறு வந்தது. இவர்களை மறுபடி உட்கார வைத்து, “மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க” என்றால் சொல்லவா போகிறார்கள்? இன்னொரு முறை கை தூக்குவார்கள், இந்தத் தடவை இரண்டு கையையும்.

கர்த்தர் பெரியவர். சரியாக அந்நேரம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர்காரர் கயிற்றை இழுக்கப் போனார். நான் ஓடிப்போய், “அண்ணே, டீசல் இல்லை” என்றேன்.

“நிறைய இருக்கேம்மா.”

“இல்லைன்னு சொன்னா இல்லை.”

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றை விட்டுவிட்டார். ஹால் அடுப்பு மாதிரி கொதித்தது. பெரிய அதிகாரி உள்ளே வந்ததும் கர்ச்சீப்பை எடுத்தார். நான் கும்பிடு போட்டு, “இடத்தை நேரில் பார்வையிட்டு, அங்கேயே பிரகடனத்தை வாங்கிக்கொள்வதாக ஏற்பாட்டை மாற்றியிருக்கிறோம். ஆற்றுக் காற்று நன்றாக இருக்கும்” என்றேன். ஸயா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்டோயன் பல்கேரிய மொழியில் ஏதோ சொன்னார், அதைத்தான் வெட்டிவிட்டேன்.

டோ சோவைத் தனியாக இழுத்து, “உன் வீட்டுல சமைக்கணும். இருக்கிற நண்டு எல்லாத்தையும் போடு. எங்க பணம் ஒத்தைக் காசு அதுல சேரக் கூடாது” என்றேன். அவள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், வெற்றிலைப் பல் அத்தனையும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரன் கூண்டுக்கு அன்றைக்கு என்ன கதி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. எங்களுக்கு முந்தின ஃபெர்ரியிலேயே அவள் ஊருக்கு ஓடினாள்.

ஃபெர்ரியில் டாலா போய், அங்கிருந்து சைக்காக்களில், அதாவது சைக்கிள் ரிக்‌ஷாக்களில், ஏறினோம். ஸ்டோயன் ஏறிய சைக்காவின் டயர் பாதி வழியில் வெடித்தது. மனுஷர் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தார். டோ சோ வீட்டு மூங்கில் தரையில் எல்லாரும் காலை மடக்கி உட்கார்ந்தோம். நண்டு மிளகாயில் சிவக்க வெந்து வந்தது. பெரிய அதிகாரி நண்டுக்காலைக் கடித்துச் சப்பிய சத்தம் ஓடை வரை கேட்டிருக்கும். மூன்றாம் முறை சோறு வாங்கினார். டோ சோ விசிறிக்கொண்டே பரிமாறினாள்.

அவர் கை கழுவித் துடைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள். “ருசியா இருந்துச்சா?”

“ரொம்ப ருசி.”

“எல்லாம் அந்த ஓடையிலதான் புடிச்சது. இன்னிக்கு நீங்க பூட்டப்போற எடம். கடைசியா ஒரு தடவை உங்களுக்குப் போட்டதுல எனக்குச் சந்தோஷம்.”

பெரிய அதிகாரி ஸயாவைப் பார்த்தார், ஸயா கூரையைப் பார்த்தார். அதிகாரி என்றாலும் அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே? வயிற்றில் இவள் நண்டு இருக்கிறது, வாயில் அந்த ருசி இன்னும் இருக்கிறது. இவள் முகத்துக்கு நேராகப் பூட்டு என்று எப்படிச் சொல்வார்? காலையில் இவர்கள் தவித்த தவிப்பை இப்போது அவர் தவித்தார். “கொஞ்சம் திருத்த முடியாதா?” என்று ஸ்டோயனிடம் கேட்டார்.

ஸ்டோயன் லேப்டாப்பைத் தொடையில் வைத்துத் தலைமையகத்தின் அட்டவணையைத் திறந்தார். உலகத்துக் காடு எதுவானாலும் அந்த அட்டவணையின் ஏதாவது ஒரு வகைக்குள் அடைபட வேண்டும். புது வகை கேட்டால் பதில் வருவதற்குள் நமக்குப் பேரன் பிறந்துவிடுவான். மேலும் கீழும் தேடினார். “உள்ளூர் ஜனங்க உள்ளே போய் வரலாம், அளவா வெட்டலாம்னு ஒரே ஒரு வகைதான் இருக்கு. பனிச்சரிவுத் தடுப்புக் காடு. எங்க மலைக்காக நாங்க சண்டை போட்டு வாங்கினது.”

“டாலாவுல பனியா?” என்றார் பெரிய அதிகாரி.

“டாலா எங்கே இருக்குன்னு அங்கே யாருக்காவது தெரியுமா?” என்றார் ஸயா.

தெரியவில்லை. இன்று வரை யாரும் கேட்டதும் இல்லை. சர்வதேச ஆவணங்களின்படி, யாங்கோன் ஆற்றங்கரைச் சேற்றுக் காடு பனி சரிந்து ஊரை மூடாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. இதுவரை ஒரு தடவைகூட மூடவில்லை, நல்ல வேலை செய்கிறது. டோ சோ கூண்டு வைக்கிறாள், மருமகன் ஓலை வெட்டுகிறான், தேவைக்கு மேல் கொஞ்சம் வெட்டுகிறான் என்றுதான் எனக்குச் சந்தேகம்.

இங்கே நிறுத்தினால் நான் கெட்டிக்காரி என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். கதை அப்படி முடியவில்லை. ஸ்டோயன் போய் நல்லெண்ணத்தில் அறிக்கையில் அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுதிவிட்டார். தலைமையகத்துக்கு ஒரே குதூகலம். சமூக விருந்து மூலம் ஒருமித்த கருத்து என்று கையேட்டில் ஒரு அத்தியாயமே போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர், ஜப்பான்காரர் எல்லாருக்கும் டோ சோ வீட்டு நண்டு வேண்டும். அவள் ஆனாடேயில் சமைத்துக்கொண்டே இருந்தாள், ஓடையில் நண்டு குறைந்துகொண்டே இருந்தது. என் தந்திரம் வேலை செய்ததே அவர்களுடைய அந்தக் கூச்சத்தை வைத்துத்தான். ஆள் மாறியதே தவிர முடியாது என்கிற வார்த்தை அங்கே யார் வாயிலிருந்தும் வரவில்லை.

இப்போது வெளிநாட்டார் முக்கால்வாசிப் பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். ஆனால் அவர்களுடைய டிராஃப்டுகள் மட்டும் மின்னஞ்சலில் தவறாமல் வருகின்றன. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒன்று வந்தது. மரம் காற்றிலிருந்து பிடித்து வைக்கும் கார்பனைக் கணக்குப் போட்டு விற்பதாம், அதற்கு ஓடைக்கரையை மறுபடி முழுசாகப் பூட்ட வேண்டுமாம். பேசுபவர்கள் கம்ப்யூட்டர் திரையில் இருந்தார்கள். திரைக்குச் சோறு போட்டு மடக்க முடியாது, என் தந்திரம் செல்லாது. அதே ஹால், அதே காசிம் பாய், மேலிடம் சொன்ன அதே வரிசை: முதலில் சாப்பாடு, அப்புறம் சம்மதம்.

கிராமத்தார் வந்து இறங்கினார்கள். லுங்கியை வாங்கவில்லை. மொஹிங்காவுக்கு உட்காரவில்லை. ஆளுக்கு ஒரு தூக்குச்சட்டி. ஹாலுக்கு வெளியே படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றையும் ஙப்பி என்கிற புளித்த மீன் விழுதையும் பிரித்துத் தின்ன ஆரம்பித்தார்கள். ஙப்பி வாசம் ஏசியையும் தாண்டி உள்ளே வந்தது.

காசிம் பாய் கரண்டியோடு ஓடி வந்தார். “என்ன ரோஸக்கா இது? அண்டா அப்படியே நிக்கிது. என் கறியில என்ன குத்தம் கண்டாங்க? ஹலால் கறி, ஒண்ணாம் நம்பர் நெய்யி! நான் யார் மொகத்துல முழிக்கிறது?”

“சும்மா இருங்க பாய்” என்றேன்.

சாப்பிட்டு, சட்டியைக் கழுவி மூடிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. திரையில் இருந்தவர் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, “ஹலோ, ஹலோ” என்றார். டோ சோ எழுந்து நின்றாள். தூக்குச்சட்டியை நாற்காலியில் வைத்தாள்.

“முடியாது” என்றாள். “எங்க ஓடையக் குடுக்க முடியாது.”

அதற்குப் பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். ஒரு கிழவர் சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்டார். திரையில் இருந்தவர் எழுதிக்கொண்டார். எழுதாமல் என்ன செய்வார்? மக்கள் சம்மதம் கட்டாயம் என்பது அவர்களே போட்ட விதி அல்லவா? ஓடைக்கரை பூட்டப்படவில்லை. பின்வரிசையில் ஸயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மைக்கை வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

கூட்டம் முடிந்தது என்று அறிவித்ததும் டோ சோ நேரே அண்டாப் பக்கம் போனாள். காசிம் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் முன்னால் தட்டை நீட்டினாள்.

“இப்பப் போடுங்க, பாய். கறி நெறைய.”